விடால் பாசிட்டிவ், கல்ச்சரில் நோ க்ரோத்: எந்த லேப் சொல்வது சரி?

நீங்கள் கேட்டிருப்பது இது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நான்காம் நாள், தெருமுனை லேப்பில் டைஃபாய்டுக்கான விடால் ரத்த டெஸ்ட் பார்த்ததில் டி.ஓ. 1:80, டி.ஹெச். 1:160 (டைஃபாய்டு கிருமிக்கு எதிரான ஓ, ஹெச் என்ற இரண்டு வகை ஆன்டிபாடிகளின் அளவு) என்று வந்திருக்கிறது. டைஃபாய்டு என்று சொல்லி செஃபிக்ஸிம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை. ஏழாம் நாள் பெரிய மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்கள். அங்கே இரண்டு கையிலும் குத்தி நிறைய ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். 48 மணி நேரம் கழித்து 'இதுவரை நோ க்ரோத்', அதாவது எதுவும் வளரவில்லை என்று வந்திருக்கிறது. இப்போது சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலுக்கு என்று இன்னொரு முறை ரத்தம் கேட்கிறார்கள். ஒரு லேப் உண்டு என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது, யார் தப்பு செய்தது, எத்தனை முறைதான் குத்துவது என்று கேட்கிறீர்கள்.

பல வருடம் மைக்ரோபயாலஜி லேப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு லேப்பும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். இரண்டு டெஸ்டும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. அந்தக் கேள்விகள் என்னவென்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் விடால். 1896-ல் பாரிஸில் ஃபெர்னாண்ட் விடால் என்ற மருத்துவர் கொண்டுவந்த முறை. கொல்லப்பட்ட டைஃபாய்டு கிருமிகள் கலந்த ஒரு திரவம் இருக்கும். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிந்த நீரில் ஒரு சொட்டை அதனுடன் கலப்பார்கள். சீரத்தில் டைஃபாய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பால் திரிந்ததுபோல் திட்டுத் திட்டாகத் தெரியும். கண்ணாடித் தகட்டில் இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். செலவும் குறைவு. அதனால்தான் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கிறது.

1:80 என்பதை 80 சதவீதம் என்றும், 80 கிருமி என்றும் நினைத்துப் பயந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அப்படி இல்லை. சீரத்தை உப்புநீரில் இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்க்கச் செய்துகொண்டே போவோம்: 20 மடங்கு, 40, 80, 160. எதுவரை திரிகிறதோ அதுதான் அளவு. 80 மடங்கு நீர்த்த பிறகும் திரிந்தது, 160-ல் திரியவில்லை என்பதே 1:80.

இதில் கவனிக்க வேண்டியது, விடால் கிருமியைப் பார்ப்பதே இல்லை என்பது. கிருமிக்கு எதிராக உடம்பு செய்த ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறது. யானையைப் பார்க்காமல் தடத்தைப் பார்ப்பது மாதிரி. தடம் நேற்று விழுந்ததா, மூன்று வருடம் முன்பு விழுந்ததா என்று அது சொல்லாது. டைஃபாய்டு பரவலாக உள்ள நம் ஊர்களில், நல்ல ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களை வரிசையில் நிற்கவைத்து ரத்தம் எடுத்தாலும் சிலருக்கு 1:40, 1:80 இருக்கும். ஹெச் ஆன்டிபாடி ஒருமுறை வந்தால் வருடக்கணக்கில் தங்கும். வேறு சால்மோனெல்லா கிருமி வந்து போயிருந்தாலும், சில சமயம் மலேரியா போன்ற வேறு காய்ச்சலிலும் அளவு கூடும்.

அப்புறம் நாள் கணக்கு. டைஃபாய்டு வந்த முதல் வாரத்தில் பெரும்பாலும் இந்த ஆன்டிபாடி அளக்கும் அளவுக்கு எழுந்திருக்காது, இரண்டாம் வாரத்தில்தான் நன்றாகத் தெரியும். உங்கள் அம்மாவுக்கு எடுத்தது நான்காம் நாள். அன்றைக்கு 1:80, 1:160 என்றால், அது இந்தக் காய்ச்சலின் தடமாக இருப்பதைவிடப் பழைய தடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விடாலை முறையாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்காக ஏறியதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது ரத்தத்துக்கு யாரும் வருவதில்லை. முதல் தாளிலேயே 'பாசிட்டிவ்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டால் எதற்கு வரப்போகிறார்கள்?

ஆன்டிபாடி டெஸ்ட் எல்லாமே மோசம் என்று சொல்லவரவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் காட்டியதே அப்படி ஒரு டெஸ்ட்தான், அதுவும் சென்னையிலிருந்து. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் படித்துக்கொண்டிருந்த மாணவி நிர்மலா, தான் சேகரித்த சீரத்தை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போய் எலைசா என்ற ஆன்டிபாடி டெஸ்ட் செய்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாயின, அதாவது பாசிட்டிவ். அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னொரு முறையில் உறுதிசெய்தார்கள். எச்.ஐ.வி. உடம்பை விட்டுப் போவதில்லை. ஆகவே அங்கே தடம் இருந்தால் யானையும் அங்கேதான் இருக்கிறது. டைஃபாய்டில் அப்படிச் சொல்ல முடியாது.

காசநோயிலும் சொல்ல முடியாது. காசநோய்க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் கிட்டுகள் ஒரு காலத்தில் தாராளமாக விற்றன. நோய் இல்லாதவர்களுக்கு உண்டு என்றும், இருப்பவர்களுக்கு இல்லை என்றும் சொல்லின. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2012-ல் இந்திய அரசு தடையே போட்டது. விடாலுக்கு அப்படித் தடை இல்லை. ஒரே ஒரு விடால் தாளை வைத்துக்கொண்டு டைஃபாய்டு என்று முடிவுகட்டுவதை மட்டுமாவது நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பெயரை ஒட்டிவிட்டால், உண்மையான நோயைத் தேடுவதை எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, கல்ச்சருக்கு வருவோம். இது யானையையே பிடிக்கப் பார்க்கும் வேலை. ரத்தத்தில் உயிரோடு ஒரு கிருமி இருந்தாலும் அதற்குச் சாப்பாடு போட்டு, 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, கோடிக்கணக்கில் பெருகவைத்துக் கண்ணால் பார்ப்பது.

இத்தனை ரத்தம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். டைஃபாய்டு நோயாளியின் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமியோ, அதைவிடக் குறைவாகவோதான் பெரும்பாலும் இருக்கும். குளத்தில் பத்து மீன் இருக்கும்போது ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு பார்த்து மீன் இல்லை என்று சொல்ல முடியுமா? அதனால்தான் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி கேட்கிறோம். 'பாவம், ஏற்கெனவே சோர்ந்திருக்கிறார்' என்று இரக்கப்பட்டு 3 மில்லி எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த இரக்கத்தால் நோயாளிக்கு நஷ்டம்தான்.

இரண்டு கையிலும் குத்தியதற்கும் காரணம் உண்டு. நம் தோலில் எப்போதும் கிருமிகள் வாழ்கின்றன. எவ்வளவு துடைத்தாலும் ஊசியோடு ஒன்றிரண்டு உள்ளே போய்விடும். ஒரு பாட்டிலில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால், அது ஊசியோடு வந்தது என்று தள்ளிவிடலாம். இரண்டு கையிலிருந்து எடுத்த பாட்டில்களிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது ரத்தத்தில் இருந்ததுதான்.

பாட்டிலை ஒரு மெஷினுக்குள் செருகிவைப்போம். நான் வேலை செய்த மெஷினில் ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் நீலப் பச்சையாக ஒரு வட்டம் இருக்கும். கிருமி பெருகினால் கரியமில வாயு வெளிவிடும், வட்டம் மஞ்சளாக மாறும். மெஷின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நிறத்தை அளந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான கிருமிகள் ஒன்றிரண்டு நாளில் காட்டிக்கொடுத்துவிடும், ஆனாலும் ஐந்து நாள் வைத்திருந்த பிறகுதான் கைவிடுவோம். ஆகவே இப்போது உங்கள் கையில் இருப்பது இடைக்கால ரிப்போர்ட். 'இதுவரை' என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு மெஷின் அலறும். பாட்டிலை எடுத்துத் திருப்பினால் அடியில் மஞ்சள் வட்டம். ஊசியால் சில சொட்டு எடுத்து ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் காயவைத்து, கிராம் சாயம் ஏற்றுவோம். 1884-ல் பெர்லினில் வேலை செய்த டென்மார்க்கு மருத்துவர் கிராம் கண்டுபிடித்தது, இன்றுவரை அடிப்படை அதேதான்: ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஆல்கஹாலால் சில நொடி கழுவல், பிறகு சிவப்புச் சாயம். ஐந்து நிமிடத்தில் மைக்ராஸ்கோப்பின் அடியில் இருக்கும். ஊதாவாகக் கொத்துக் கொத்தாகக் குண்டுமணிகள் தெரிந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை. ரோஜா நிறத்தில் சின்னச் சின்னக் குச்சிகள் தெரிந்தால் டைஃபாய்டு கிருமியும், குடலில் வாழும் ஈகோலையும் இருக்கும் பக்கம். உடனே வார்டுக்கு ஃபோன் போட்டுச் சொல்வோம். பெயர் இன்னும் தெரியாது, ஆனால் அந்த ஒரு வரி டாக்டருக்கு மருந்தை மாற்றப் போதும். அச்சடித்த ரிப்போர்ட்டைவிட அந்த ஃபோன்தான் பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

மீதிச் சொட்டுகளை அகர் தட்டில் கோடு கோடாக இழுத்து இன்குபேட்டரில் வைப்போம். அகர் என்றதும் ஒரு விஷயம். நோன்பு மாதத்தில் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசியும் இதுவும் ஒன்றுதான். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கிற பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். இதை லேப்புக்குக் கொண்டுவந்ததும் ஒரு பெண்ணின் சமையலறை அறிவுதான். 1881-ல் ஜெர்மன் கிருமியியலாளர் ராபர்ட் காக்கின் லேப்பில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேவுக்கு, கிருமி வளர்க்கப் போட்ட ஜெலட்டின் உருகி உருகித் தொந்தரவு கொடுத்தபோது, அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே அகரைப் போடச் சொன்னார். ஜெலட்டினாக இருந்தால் நம் ஊர் மே மாதத்தில் மேஜைமேலேயே தண்ணீராகிவிடும். அகர் 85 டிகிரிக்கு மேல்தான் உருகும், 37 டிகிரி இன்குபேட்டரில் கல்லாக நிற்கும். இந்த ஒரு பொருள் இல்லையென்றால் நம் தொழிலே இல்லை.

மறுநாள் காலை தட்டைத் திறந்தால், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கலந்த மெக்கான்கி அகரில் ஈகோலை இருந்தால் ரோஜா நிறத்தில் காலனிகள் இருக்கும். டைஃபாய்டு கிருமிக்கு லாக்டோஸ் செரிக்காது, அதனால் வெளிறிப்போய் நிறமில்லாமல் நிற்கும். அந்தக் காலனியைக் கம்பியால் தொட்டு டி.எஸ்.ஐ. என்ற சாய்வான குழாயில் குத்திவைத்தால், அடுத்த நாள் அடிப்பகுதி மஞ்சளாக, மேல்பகுதி சிவப்பாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் கண்மை தீற்றியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு விழும். வாயுக் குமிழ் இருக்காது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிறகு தெரிந்த ஆன்டிபாடி ஒரு சொட்டை அந்தக் கிருமியோடு கலந்து திரிகிறதா என்று பார்ப்போம். விடாலின் அதே வேலைதான், ஆனால் தலைகீழாக: இங்கே கிருமி நம் கையில் இருக்கிறது. பெரிய லேப்களில், கிருமியின் புரதங்களை வைத்து அடையாளம் காணும் மால்டி-டாஃப் மெஷின் இருந்தால் காலனி வந்த சில நிமிடத்தில் பெயர் தெரிந்துவிடும்.

பெயரைவிட முக்கியம், எந்த மருந்துக்குச் சாகும் என்பது. கிருமியை ஒரு தட்டு முழுக்கப் பரப்பி, மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டுகளை வைத்து ஒரு இரவு விடுவோம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெற்றிடம் இருக்கும், அதை மில்லிமீட்டரில் அளப்போம். ஒருகாலத்தில் டைஃபாய்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு இப்போது நம் நாட்டு டைஃபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை அடங்குவதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஊசி மருந்துக்கும் அடங்காத டைஃபாய்டு பரவியது. இதெல்லாம் கல்ச்சர் செய்ததால்தான் தெரிந்தது. விடால் தாளில் இதற்கு இடமே கிடையாது.

ஆனால் கல்ச்சருக்கும் எல்லை உண்டு. முறையாக எடுத்தாலும், டைஃபாய்டு இருக்கும் பத்துப் பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் ரத்தத்தில் வளரும். எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் எட்டுப் பேருக்கு மேல் வளரும், ஆனால் அதற்காக எல்லோருக்கும் எலும்பில் குத்த முடியாது. முதல் வாரம் கல்ச்சருக்கு உகந்த காலம், நாள் ஆக ஆக ரத்தத்தில் கிருமி குறைந்துகொண்டே போகும். உங்கள் அம்மா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது: மூன்று நாள் செஃபிக்ஸிம். அது கிருமியை முழுக்க ஒழித்திருக்காமல், பாட்டிலில் வளரவிடாத அளவுக்கு அடக்கியிருக்கலாம். பாட்டிலுக்குள் மருந்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும், அவற்றாலும் முழுதாகச் சரிக்கட்ட முடியாது. மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்திருந்தால் இந்தக் குழப்பம் குறைந்திருக்கும்.

அதனால் நோ க்ரோத் என்பதற்கு இப்படித்தான் அர்த்தம்: இந்த நாளில், இந்த அளவு ரத்தத்தில், இந்தப் பாட்டிலில் வளரக்கூடிய கிருமி எதுவும் வளரவில்லை. இந்தப் பாட்டிலில் வளரவே முடியாத கிருமிகளைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஸ்க்ரப் டைஃபஸ் அந்த வகைதான். அதன் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வாழும். சூப்பு மாதிரி சத்துநீரை ஊற்றி ஐந்து நாளில்லை, ஐம்பது நாள் வைத்தாலும் வராது. எலிக்காய்ச்சல் கிருமிக்குத் தனிச் சத்துநீரும் வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். டெங்கு வைரஸ், அதுவும் இங்கே வளராது. டெங்குவுக்கு முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 என்ற வைரஸ் புரதம், அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற, முதலில் எழும் ஆன்டிபாடி என்று நாள் பார்த்துத்தான் கேட்க வேண்டும். ஆகவே உங்கள் டாக்டர் மூன்றாவது முறை ரத்தம் கேட்பது குழப்பத்தில் இல்லை. கல்ச்சர் பதில் சொல்ல முடியாத கேள்வியை வேறு டெஸ்டிடம் கேட்கிறார். ஸ்க்ரப்புக்கான ஐ.ஜி.எம். எலைசாவும் ஆன்டிபாடி டெஸ்ட்தான், ஆனால் ஒன்பதாம் நாள் அதற்குத் தோதான நாள்.

இது தமிழ்நாட்டில் அபூர்வமான நோய் இல்லை. மழைக்குப் பிறகும் குளிர் மாதங்களிலும் புதர், வயல், தோட்டம் பக்கம் போய்வந்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருகிறது. கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடம் என்று மறைவான இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். அம்மா கூச்சப்படுவார், வார்டு சிஸ்டரிடம் சொல்லி நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அது கிடைத்தால் எந்த மெஷினுக்கும் முன்னால் பாதி விடை கிடைத்த மாதிரி. அந்தப் பொருக்கையே, கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். டெஸ்டுக்கும் அனுப்பலாம். செஃபிக்ஸிமோ செஃப்ட்ரையாக்ஸோனோ இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்ஸிசைக்ளினோ அஸித்ரோமைசினோதான் கேட்கும். தவறாக ஒட்டிய 'டைஃபாய்டு' என்ற பெயர் எவ்வளவு நாளை வீணாக்கும் என்று இப்போது புரிந்திருக்கும்.

பி.சி.ஆர். என்றதும், 'எல்லாவற்றுக்கும் அதையே செய்துவிட வேண்டியதுதானே' என்று கேட்பீர்கள். கோவிட் காலத்துக்குப் பிறகு எல்லோரும் கேட்கிறார்கள். காசநோயில் அது பெரிய மாற்றத்தையே கொண்டுவந்தது. மைக்ராஸ்கோப்பில் காசநோய்க் கிருமி தெரிய ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 வரை இருக்க வேண்டும். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற பி.சி.ஆர். மெஷினுக்கு நூற்றுச் சொச்சம் இருந்தாலே போதும், முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். முட்டை கலந்த எல்.ஜே. என்ற சத்துப்பொருள் குழாயில் கிருமி வளர ஆறு, எட்டு வாரம் காத்திருந்த காலத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் பி.சி.ஆர். செத்த கிருமியின் மரபுப்பொருளையும் காட்டும். அதனால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அதை நம்ப முடியாது. டைஃபாய்டிலோ, ரத்தத்தில் கிருமியே குறைவு என்ற பழைய சிக்கல் பி.சி.ஆருக்கும் உண்டு.

எந்த மெஷினாக இருந்தாலும் உள்ளே போவது சரியாக இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் காலை ஆறு மணிக்கு எடுத்த சிறுநீர் டப்பா மேஜைமேலேயே இருந்து மதியம் லேப்புக்கு வந்தது. வெதுவெதுப்பான இடத்தில் ஈகோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடிய கிருமி. அந்த வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். ஒரு மில்லியில் ஒரு லட்சம் இருந்தால் தொற்று என்று கணக்குப் போடுகிற டெஸ்டில் அந்த டப்பாவுக்கு என்ன மதிப்பு? திருப்பி அனுப்பினோம், சத்தம் போட்டார்கள். சளி டெஸ்டுக்கு எச்சில் வந்தாலும் இதேதான். நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். நுரைத்த எச்சிலில் காசநோய் இல்லை என்று வருவதில் ஆச்சரியமில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: ஸ்க்ரப்புக்கு ரத்தம் கொடுக்கச் சம்மதியுங்கள். அந்த செஃபிக்ஸிம் அட்டையைத் தேடி எடுத்து, என்ன மில்லிகிராம், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை சாப்பிட்டார் என்று ஒரு சீட்டில் எழுதி, விடால் தாளோடு சேர்த்து டாக்டரிடம் கொடுங்கள். காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்தில் அம்மா வயலுக்கோ தோட்டத்துக்கோ ஊருக்கோ போனாரா என்பதையும் எழுதுங்கள். வியாதி வருவதற்கு முன் அவர் எங்கெல்லாம் போனார் என்பது எந்த ரத்தக் குழாயிலும் இருக்காது. கல்ச்சரின் இறுதி ரிப்போர்ட் வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வார்டில் யாரும் எடுத்துவரவில்லை என்றால் லேப் கவுண்டரில் நீங்களே போய்க் கேட்கலாம்.